ஒரு செய்திச் செயலியின் ஏவுகணைச் செய்திகள்: ஓராண்டு சந்தாவுக்குப் பிறகு

இந்தச் செயலிக்கு நான் சந்தா கட்டியதே ஆயுதச் சோதனைச் செய்திகளுக்காகத்தான். மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். எறிபொருள் இயக்கம் பாடம் வரும்போதெல்லாம், "சார், நேற்று ஒரு ஏவுகணை விட்டார்களே, அது எவ்வளவு உயரம் போயிருக்கும்?" என்று யாராவது ஒருவர் கேட்பார். பதிலைத் தேடி அலையாமல் ஒரே இடத்தில் கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

வேகத்தில் குறை சொல்ல முடியாது. உலகத்தின் எந்த மூலையில் ஏவினாலும் சற்று நேரத்தில் கைப்பேசி அதிர்கிறது. ஆனால் திறந்து பார்த்தால் பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "இலக்கைத் துல்லியமாகத் தாக்கியது." இலக்கு எது, எவ்வளவு தள்ளி விழுந்தால் துல்லியம், அதை அளந்தது யார்? எதுவும் இருக்காது. ஏவிய ராணுவமே சொன்னதைச் செயலி தன் குரலில் சொல்லிவிடுகிறது. "என்று அறிவித்துள்ளது" என இரண்டு சொல் சேர்த்தால் வாசகருக்கு எவ்வளவோ விளங்கும்.

என்னை உண்மையாகவே கோபப்படுத்தியது ஒரு விளக்கக் காணொளி. வட கொரியா 2017 நவம்பர் 29-இல் ஏவிய ஹ்வாசாங்-15 பற்றியது. அது 950 கி.மீ. தொலைவில் கடலில் விழுந்தது. காணொளியில் தாழ்வான ஒரு வளைவை வரைந்து, "950 கி.மீ. மட்டுமே செல்லக்கூடியது" என்று முடித்துவிட்டார்கள். அது எட்டிய உயரம் 4,475 கி.மீ., பறந்த நேரம் 53 நிமிடம் என்று வட கொரியா அறிவித்திருந்தது. தென் கொரியாவும் ஜப்பானும் தாமே கண்காணித்துச் சொன்ன கணக்கும் அதற்கு நெருக்கமாகவே இருந்தது. அண்டை நாடுகளின் தலைக்குமேல் பறக்காதபடி ஏறக்குறைய செங்குத்தாக ஏவியிருந்தார்கள். வழக்கமான சாய்வில் விட்டிருந்தால் 13,000 கி.மீ.வரை போகலாம் என்று வல்லுநர்கள் கணித்தார்கள். முனையில் எவ்வளவு எடை வைத்திருந்தார்கள் என்பது வெளியே தெரியாததால் அந்தக் கணிப்பும் ஓர் உத்தேசமே. இந்த உயரம்தான் அன்றைய செய்தியின் உயிர். அதையே விட்டுவிட்டார்கள்.

மறுநாள் வகுப்பில் 100 கி.மீ.க்கு ஒரு செ.மீ. என்று வைத்துக்கொண்டு கரும்பலகையில் வரைந்து காட்டினேன். அகலம் ஒன்பதரை செ.மீ., உயரம் கிட்டத்தட்ட 45 செ.மீ. "கொண்டை ஊசி மாதிரி இருக்கிறதே, சார்" என்றாள் ஒரு மாணவி. ஒரு படம் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

பிழையைச் சுட்டிக்காட்டி எழுதினேன். பதில் இல்லை. சில நாட்களில் காணொளி மட்டும் காணாமல் போனது. திருத்தக் குறிப்பு எதுவும் இல்லை. ஏற்கெனவே பார்த்தவர்கள் மனத்தில் அந்தத் தவறு அப்படியேதான் இருக்கும். தவறு செய்ததைவிட இதுதான் எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

2008 ஜூலையில் ஈரானின் புரட்சிக் காவல் படை நான்கு ஏவுகணைகள் ஒன்றாகக் கிளம்பும் படத்தை வெளியிட்டது. பிரெஞ்சுச் செய்தி நிறுவனமான ஏ.எஃப்.பி. அதை விநியோகிக்க, பல நாளிதழ்கள் முதல் பக்கத்தில் போட்டன. அதில் ஒரு ஏவுகணை கணினியில் ஒட்டப்பட்டது என்று தெரிந்ததும், ஏ.எஃப்.பி. மறுநாளே படத்தைத் திரும்பப் பெற்று, காரணத்தையும் சொன்னது. வெளிப்படையாகத் திருத்திக்கொள்வது முடியாத காரியம் அல்ல.

அறிவிப்பை அப்படியே அச்சிடுவதில் உள்ள ஆபத்தும் பழையதுதான். 1945 ஜூலை 16-இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்தபோது, தொலைவில் இருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்தது என்று ராணுவம் சொன்னது. அங்குள்ள பத்திரிகைகளும் அதையே போட்டன. 1954 மார்ச் 1-இல் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் கதிரியக்கச் சாம்பல் 23 ஜப்பானிய மீனவர்கள் மேல் விழுந்தது. அந்தச் செய்தி எந்த ராணுவ அறிக்கையிலிருந்தும் கிளம்பவில்லை. படகு கரை திரும்பிய பிறகு, மீனவர்களின் உடல்நிலையைப் பார்த்து யோமியூரி நாளிதழ்தான் உலகுக்குச் சொன்னது. சோதனைச் செய்தி என்றால் நான் எதிர்பார்ப்பது அந்த வகை உழைப்பை.

அந்த உழைப்பு இந்தச் செயலியில் அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். சோதனைக்கு முன் விமானிகளுக்கும் கப்பல்களுக்கும் விடப்படும் எச்சரிக்கைகளைப் படித்து, மூடப்படும் கடல் பகுதியை வரைபடத்தில் குறித்து எழுதும் நிருபர் ஒருவர் இருக்கிறார். ஒருமுறை எச்சரிக்கை ரத்தானபோது, ரத்தானது என்றும், காரணம் அறிவிக்கப்படவில்லை என்றும் நான்கு வரியில் எழுதினார். ஊகம் ஒன்றும் இல்லை. அந்த வரைபடங்களை அச்செடுத்து வகுப்பில் கொடுத்திருக்கிறேன்.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் தருகிறேன். இரண்டும் அவருடைய செய்திகளுக்கு. சந்தாவை இன்னும் மூன்று மாதம் மட்டும் நீட்டித்திருக்கிறேன். ஹ்வாசாங் காணொளிக்கான திருத்தக் குறிப்பை வெளியிடும்படி மீண்டும் எழுதியிருக்கிறேன், கரும்பலகைப் படத்தையும் இணைத்து.