எத்தாங்-சலே சவுக்குக் காட்டில் வாடகை சைக்கிள்: பயந்தவர்களுக்காக ஒரு மதிப்புரை

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் மலை சைக்கிள் என்றாலே எல்லோருக்கும் மயிதோ மலைதான் ஞாபகம் வரும். 2,200 மீட்டர் உயரத்தில் நின்று, தாடை வரை மூடிய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கடல் மட்டம் வரைக்கும் விழாத குறையாக இறங்குகிற கூட்டம் அது. வேடிக்கை பார்க்க எனக்கும் பிடிக்கும். ஆனால் ஐம்பதைத் தாண்டிய, இடது முட்டியில் தேய்மானம் உள்ள ஒருத்திக்கு அங்கே என்ன வேலை? நடுவில் எரிமலையும் சுற்றிலும் பள்ளத்தாக்குமாக இருக்கிற இந்தத் தீவில், மரநிழலில் சமதரையில் நிதானமாக ஓட்ட இடம் தேடுகிறவர்கள் தெற்கே எத்தாங்-சலே லே பேனுக்கு வர வேண்டும். ஊரை ஒட்டியே காடு. அங்கே சைக்கிள் வாடகைக்கு எடுத்து ஓட்டிய அனுபவத்தைத்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. இரண்டு குறைகளைச் சொல்லப் போகிறேன், சின்னக் கடை, பிழைத்துப் போகட்டும்.

முதலில் காடு. இது தானாக வளர்ந்த காடு அல்ல. கடற்கரையிலிருந்து பறந்து வரும் மணலைப் பிடித்து நிறுத்துவதற்காக நட்டு வளர்த்தது. அதனால் சவுக்குதான் அதிகம். நடுநடுவே வாகை, புளி. காரைக்காலில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதில் ஒரு மரத்துக்கும் பெயர் கேட்க வேண்டியதில்லை. லீவுக்கு வந்திருந்த நாத்தனாரையும் கூட்டிப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததுமே, “அண்ணி, இது நம்ம ஊரு சவுக்குத் தோப்புதான், மணலுக்கு மட்டும் யாரோ கரி பூசிட்டாங்க” என்றாள். எரிமலைப் பாறை பொடிந்து வந்த மணல் அது, உண்மையிலேயே கருப்பு. வெயில் ஏறினால் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது.

பாதைகள் அகலமானவை. நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், குதிரையில் வருகிறவர்கள், சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் பொது. பெரிய ஏற்றம் கிடையாது, கல் படிக்கட்டு கிடையாது, வேர் துருத்திக்கொண்டு நிற்கும் இடங்களும் குறைவு. பிரான்சில் மலை சைக்கிள் பாதைகளைப் பச்சை, நீலம், சிவப்பு, கருப்பு என்று நான்கு நிறத்தில் பிரிப்பார்கள். பச்சை மிக எளிது, கருப்பு பக்கமே போகக்கூடாது. என் கணக்கில் இந்தக் காடு பெரும்பாலும் பச்சைதான், மணல் தடித்துக் கிடக்கும் சில இடங்கள் மட்டும் நீலம். நாத்தனார் கடைசியாக சைக்கிள் மிதித்தது பள்ளிக்கூடம் போன காலத்தில். அவளே கொஞ்ச நேரத்தில் ஒரு கையை விட்டுவிட்டு போனில் படம் எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். சுடிதாரோடு போகிறவர்கள் துப்பட்டாவை காரிலேயே விட்டுவிட்டுப் போங்கள், பின்சக்கரம் இழுத்துக்கொள்ளும். பேன்ட் கால் செயினில் மாட்டாமல் இருக்க வலது காலில் ஒரு ரப்பர் பேண்ட் போதும்.

சவுக்கு ஊசி மெத்தை மாதிரி கிடக்கும் பாதையில் சக்கரம் ஓடுகிற சத்தமே கேட்காது. ஆனால் வளைவில் கவனம் வேண்டும். காய்ந்த ஊசிக்கு அடியில் சவுக்குக் காய்கள் கிடக்கும், இறுகிய தரையில் அவை உருளும். அந்த இடத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் சைக்கிள் ஒரு பக்கம் போகும், நாம் ஒரு பக்கம் போவோம். மணலுக்கும் ஒரு முறை உண்டு. மணல் வருவதற்கு முன்பே கியரைக் குறைத்துக்கொண்டு, உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், மிதிப்பதை நிறுத்தாமல் போக வேண்டும். நடுவில் யோசிக்கிறவர் இறங்கித் தள்ளத்தான் வேண்டியிருக்கும்.

இனி கடை. சாதாரண மலை சைக்கிள் அரை நாளுக்கு 20 யூரோ வாங்கினார்கள், மின்சார சைக்கிள் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். சாதாரணத்தையே எடுங்கள் என்பேன். மின்சார சைக்கிளின் எடை 20 கிலோவைத் தாண்டும், மணலில் நின்றுவிட்டால் அதைத் தள்ளுவது தண்டனை. ஏற்றமே இல்லாத இடத்தில் மோட்டார் எதற்கு? எங்களுக்குக் கொடுத்தது முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ள, 29 அங்குலச் சக்கரம் போட்ட வண்டி. பெரிய சக்கரம் மணலில் அவ்வளவாகப் புதையாது. டிஸ்க் பிரேக் இரண்டும் ஒரே விரலில் பிடித்தன.

கடைக்காரப் பையனின் சட்டையில் குத்தியிருந்த பெயர் அசல் தமிழ்ப் பெயர், பேச்சு முழுக்க தீவின் பேச்சுமொழியான கிரியோல். இந்த ஊரில் அது சகஜம். என்னைப் பார்த்து, எவ்வளவு எடை மதாம் என்று கேட்டான். முதலில் சுருக்கென்றிருந்தது. கேட்டது காற்றுக்காக. தார் ரோட்டில் ஓட்ட இரண்டரை ‘பார்’ (காற்றழுத்தக் கணக்கு) அளவுக்குக் காற்று அடிக்கலாம். காட்டு மணலுக்கு அது ஆகாது, கல் மாதிரி இருக்கிற டயர் மணலைக் கிழித்துக்கொண்டு இறங்கும். என் எடைக்கு ஒன்றரை பாருக்குக் கொஞ்சம் மேலே வைத்தான், நாத்தனாருக்கு இன்னும் குறைத்தான். டயர் அகலமாகத் தரையில் உட்கார்ந்து, மணலின் மேலேயே போயிற்று. செயினுக்கும் ஒழுகுகிற எண்ணெய் போடாமல் மெழுகு மாதிரிக் காய்ந்துவிடும் வகையைப் போட்டிருந்தார்கள். எண்ணெயில் இந்தக் கருப்பு மணல் ஒட்டினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல பல்சக்கரத்தைத் தின்றுவிடும். வாடகை வண்டிக்கு இவ்வளவு மெனக்கெடுகிற கடையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. இதுவரைக்கும் முழு மார்க்.

இப்போது குறை. காட்டின் உட்பகுதியில் போய்க்கொண்டிருந்தபோது என் பின்டயரிலிருந்து ஸ்ஸ் என்று சத்தம். பார்த்தால் ஒரு முள், சுற்றிலும் பால் மாதிரி வெள்ளையாகக் கொப்பளிக்கிறது. இந்த டயர்களுக்கு உள்ளே டியூப் கிடையாது, ஓட்டையை அடைக்கிற ஒரு திரவத்தை ஊற்றி வைத்திருப்பார்கள். சக்கரத்தைச் சுற்றி, ஓட்டை தரைப் பக்கம் வருகிற மாதிரி நிறுத்தினேன். திரவம் கீழே வந்து சேர்ந்து, கொஞ்சம் நுரைத்து, அடங்கிவிட்டது. அப்புறம் பம்ப் எடுத்துக் காற்றடித்தால் நின்றது. சரி, ஒருவேளை நிற்காமல் போயிருந்தால் என்று சீட்டுக்கு அடியில் இருந்த பையைத் திறந்து மாற்று டியூபை எடுத்துப் பார்த்தேன். அதன் வால்வு கார் டயரில் இருப்பது போலத் தடியானது. ரிம்மில் போட்டிருந்ததோ ஒல்லி வால்வுக்கான சின்ன ஓட்டை. அந்த டியூபை வைத்துக்கொண்டு நான் இரவு வரைக்கும் முயன்றாலும் உள்ளே போகாது. இரண்டு பைகளிலும் அதே டியூப். பையைக் கட்டித் தொங்கவிட்ட புண்ணியவான் ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்கலாம். திருப்பிக் கொடுக்கும்போது சொன்னேன், பையன் தலையைச் சொறிந்தான். நீங்கள் எந்தக் கடையில் எடுத்தாலும் கிளம்புவதற்கு முன் வால்வைப் பொருத்திப் பாருங்கள், அரை நிமிட வேலை. சீட் உயரத்தையும் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என்னுடையது போகப் போக இறங்கிக்கொண்டே வந்தது. சீட் தாழ்ந்தால் முதலில் அழுவது முட்டிதான்.

காட்டோடு சேர்த்து ரயில் பாதையையும் பார்க்கலாமே என்று கடையில் சொல்வார்கள். இந்தத் தீவில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது, கிழக்கே சான்-பெனுவாவிலிருந்து வடக்கைச் சுற்றி சான்-பியேர் வரைக்கும் 126 கிலோமீட்டர். 1882இல் தொடங்கியது. 1963இல் தலைநகர் சான்-தெனிக்கும் லா பொசெஸியோனுக்கும் நடுவே கடலோர ரோடு வந்ததும் பயணிகள் ரயிலின் கதை முடிந்தது. எத்தாங்-சலேயின் பழைய ஸ்டேஷன் கட்டடம் இன்றும் நிற்கிறது, சுற்றுலா அலுவலகமாக. ரயில் போன தடம் சைக்கிளுக்கு ஏன் நல்லது என்றால், நீராவி என்ஜினுக்கு ஏற்றம் ஆகாது. மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, வளைவை அகலமாக்கித்தான் தண்டவாளம் போடுவார்கள். அந்தச் செலவை எல்லாம் யாரோ நமக்காகச் செய்துவைத்த மாதிரி. பிரான்சில் மகளைப் பார்க்கப் போனபோது பர்கண்டியில் ஜிவ்ரியிலிருந்து க்ளுனி போகும் பாதையில் ஓட்டியிருக்கிறேன். பழைய ரயில் தடத்தை 1997இல் சைக்கிளுக்கும் நடைக்கும் திறந்துவிட்டார்கள், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே 40 கிலோமீட்டருக்கு மேல் போகும். அதை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வந்தால் ஏமாற்றம்தான். நிலம் குறைவான தீவு, ரோடு பெருகப் பெருகத் தடத்தைத் துண்டு துண்டாக விழுங்கிவிட்டது. எத்தாங்-சலே பக்கம் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். காட்டுக்குப் போய்விட்டு, கால் ஓயாமல் இருந்தால் ஊருக்குத் தெற்கே கடல் பாறைக்குள் மோதும் லெ கூஃப்ர் வரைக்கும் போய் வரலாம். ரயில் பாதை என்று தனியாகக் காசு கொடுத்து வழிகாட்டியை வைத்துக்கொள்ள வேண்டாம்.

சமதரையில் நீளமாக ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் வேறொரு நாள் வடக்கே போகலாம். சான்-தெனியின் பராஷுவா கடற்கரையிலிருந்து சேந்த்-மரி வரைக்கும் கடலை ஒட்டிய பாதை விமான நிலையத்தின் பின்பக்கமாகப் போகிறது. அந்தக் கரைப் பக்கமும் ரயில் ஓடிய பக்கம்தான். மலை சைக்கிளே தேவையில்லை, எந்த சைக்கிளும் போகும். கிழக்கே இருந்து காற்று முகத்தில் அறையும், திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். ரயிலையே பார்க்க வேண்டும் என்பவர்கள் லா கிராந்த் ஷலூப்புக்குப் போங்கள். பழைய ஸ்டேஷனும் இருக்கிறது, நம் ஊர்களிலிருந்து கூலிகளாக வந்தவர்களைக் கப்பலிலிருந்து இறக்கி நோய்க்குப் பயந்து ஒதுக்கி வைத்த லசாரே கட்டடமும் இருக்கிறது. சைக்கிளை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அங்கிருந்து மேலே ஏறுவது கருங்கல் பாவிய பழைய பாதை, நடக்கவே மூச்சு வாங்கும்.

எத்தாங்-சலேக்கே திரும்பி வருகிறேன். மே முதல் அக்டோபர் வரை நல்ல காலம். டிசம்பருக்கு மேல் புழுக்கமும் புயல் பயமும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வேண்டவே வேண்டாம். தீவில் பாதிப் பேர் சட்டி பானையோடு சவுக்கு நிழலுக்கு வந்துவிடுவார்கள், பாதையெல்லாம் குழந்தைகளும் பந்தும். கறி வாசனையில் சைக்கிள் தானாக நின்றுவிடும். வாரநாள் காலை எட்டு மணிக்கு வந்தால் காடு உங்களுக்கே. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், கடையில் வாடகையோடு சேர்த்தே தருகிறார்கள். அவர்களிடம் இருந்த சின்ன அளவுகளில் ஒன்றுக்குத் தாடைப் பட்டை பழுது, கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஓட்டி முடித்ததும் கடற்கரையோர வண்டிக்கடையில் மொச்சையில் செய்கிற பொன்பொன் பிமான் சூடாகக் கிடைக்கும். மசால் வடையின் ஒன்றுவிட்ட தங்கை. பச்சை மிளகாயைக் குறைக்கச் சொன்னால் கேட்கமாட்டார்கள்.

காட்டுக்கு ஐந்துக்கு நாலரை, கடைக்கு மூன்றரை, ரயில் தடத்துக்கு இரண்டு. கடைக்கு ஒன்றரை மார்க் குறைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பணம் என்று சைக்கிளுக்கு 300 யூரோ வீதம் வங்கிக் கார்டில் பிடித்து வைக்கிறார்கள். சைக்கிளைத் திருப்பிக் கொடுத்த அன்றே விடுவித்துவிடுவோம் என்றார்கள், அது விடுபட ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. மாதக் கடைசியில் போகிறவர்கள் காசோலை வாங்கிக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எனக்கு அடுத்து நின்றவரிடம் வாங்கிக்கொண்டார்கள்.