திருமலை ஆக்களே, தண்ணி பில்டருக்கு 'கெமிக்கல் வோஷ்' எண்டு வந்தா காசு குடுத்திடாதேங்கோ

எழுதேக்க கை நடுங்குது. 48,000 ரூபா.

எங்கட வீடு உப்புவெளியில. கிணத்துத் தண்ணி அள்ளேக்க கண்ணாடி மாதிரி இருக்கும், வாளியில கொஞ்ச நேரம் நிண்டா செம்மஞ்சளாகும். இரும்பு. அதுக்குத்தான் மணல் டாங்க் ஒண்டும் காபன் டாங்க் ஒண்டும் பூட்டினது. தண்ணி வரத்துக் குறைஞ்சிட்டுதெண்டு, பேஸ்புக்கில விளம்பரம் போட்ட ஒரு பில்டர் சேர்விஸ் ஆக்களைப் போன சனிக்கிழமை கூப்பிட்டன்.

வந்த பொடியன் நல்ல மரியாதை. "அன்ரி, மணல் மாத்தத் தேவையில்ல, கழுவினாப் புதுசு மாதிரி வரும்" எண்டான். டாங்க்கைத் திறந்து ஒரு பிடி மணலை எங்கட தேத்தண்ணிக் கிளாசில போட்டு அசிட் விட்டான். கறள் கரைஞ்சு மணல் பளிச்செண்டு வெளுத்துது. அந்தக் கிளாசுதான் என்னை விழுத்தினது. அசிட் விட்டா எந்தக் கறளும் கரையும்தானே! ஒரு பிடி வெளுத்தா டாங்க் முழுக்க வெளுக்கும் எண்டு நம்பி, வேலை தொடங்க முதலே முழுக்காசையும் குடுத்தன்.

கீழாலத் தண்ணி விட்டு மணலை அலசவே இல்ல. நேர அசிட். அது கழுவுப்பட முதல் அதே டாங்க்குக்குள்ள குளோரின். ரெண்டும் சேர்ந்தா நச்சு வாயு, இந்த வேலை செய்யிறவனுக்கு இது தெரியாதா? குசினியில நிண்ட அம்மா மூச்செடுக்க ஏலாமல் முத்தத்துக்கு ஓடினா. "மருந்து வேலை செய்யுது அன்ரி" எண்டான்.

அடுத்த நாள் தண்ணி புளிச்சுது. புளிப்பு அளக்கிற பீஎச் தாளை நனைச்சா 4. குடிதண்ணிக்கு 6.5இல இருந்து 8.5 வரைக்கும்தான் இருக்கவேணும். நாலாம் நாள் திரும்பச் செம்மஞ்சள்.

கோல் எடுத்தா, "ரெண்டு நாள் பைப்பைத் திறந்து விடுங்கோ." பிறகு, "மோட்டார்ப் பிழை." பிறகு, "உங்கட கிணறு சரியில்ல." கிணறு சரியில்லாமல்தானே பில்டர் பூட்டினது! இப்ப என்ட நம்பரை புளொக் பண்ணியாச்சு.

இண்டைக்குத் தெரிஞ்ச பைப் வேலை அண்ணை திறந்து பார்த்தவர். மேல ஒரு சாண்தான் வெள்ளை. கீழ மணல் கட்டி கட்டியா இறுகிக் கிடக்கு, அசிட் கட்டிக்குள்ள போகவே இல்ல. காபனுக்கும் அசிட் ஊத்தியிருக்கிறான். பாவிச்சு முடிஞ்ச காபன் அசிட்டில கழுவித் திரும்பாது, மாத்தத்தான் வேணும். இதுக்கு 48,000 ரூபா!

விபரமா எழுதத்தான் இருந்தன், இப்ப ஏலாது. முதல்ல கீழாலத் தண்ணி விட்டு, கலங்கல் போகும் வரைக்கும் அலசச் சொல்லுங்கோ. அசிட்டும் குளோரினும் ஒண்டாச் சேர விடாதேங்கோ. கொண்டு வாற கான்களின்ட லேபலைப் படமெடுங்கோ. காசு கடைசியில.

அம்மாவுக்கு இருமல் இன்னும் நிக்கேல்ல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வெளிக்கிடுறன்.