நாடாளுமன்றம் பார்க்க டெல்லியா, கொழும்பா?

நம் டெல்டாக்காரர் டெல்லி நாடாளுமன்றத்துக்குள் போனால் முதலில் தேடுவது செங்கோலைத்தான். 1947 ஆகஸ்ட் 14 இரவு திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் நேருவிடம் கொடுத்தது. பல காலம் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டு, 2023 மே 28 அன்று புதுக் கட்டடத்தின் மக்களவையில், சபாநாயகர் இருக்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஆனால் பார்வையாளர் மாடம் உயரத்தில் இருக்கிறது. செங்கோலின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் நந்தியை அங்கிருந்து பார்க்க நல்ல கண் வேண்டும். செல்போன், கேமரா எதுவும் உள்ளே போகாது.

அனுமதிச் சீட்டுக்கு எம்.பி.யின் பரிந்துரை வேண்டும். தஞ்சாவூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என எந்தத் தொகுதியோ, அந்த அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 2023 டிசம்பர் 13 அன்று மாடத்திலிருந்து இருவர் அவைக்குள் குதித்துப் புகைக்குப்பி வீசியதிலிருந்து சோதனை கடுமைதான். திருச்சியிலிருந்து ரயிலில் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். அழகு என்று பார்த்தால் என் ஓட்டு, 144 தூண்களோடு 1927இல் திறந்த பழைய வட்டக் கட்டடத்துக்கே.

கொழும்பு கதை வேறு. இலங்கை நாடாளுமன்றம் இருப்பது நகரை ஒட்டிய கோட்டேயில். ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1982இல் திறந்த கட்டடம். சேறும் சகதியுமாகக் கிடந்த தாழ்நிலத்தைத் தோண்டித் தியவன்னா ஏரியாக்கி, நடுவில் விட்ட திட்டில் கட்டினார்கள். வருஷா வருஷம் தூர்வாருவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நமக்கு இது தனியாக ரசிக்கும். செப்புக் கூரைகள் தண்ணீரில் மிதப்பதுபோல் இருக்கும். உள்ளே போக முன் அனுமதி வேண்டும். கிடைக்காவிட்டாலும் கரையில் நடந்தே கட்டடத்தை ஆசைதீரப் பார்க்கலாம். டெல்லியில் அது நடக்காது. உறுப்பினர்கள் தமிழில் பேசுவதும் அங்கே சகஜம்.

திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு, மழைக்காலத்தில் நின்றுவிடும். அப்புறம் கொழும்புக்கு ரயில் பிடிக்க வேண்டும். பாஸ்போர்ட் கட்டாயம்.

சிங்கப்பூரில் சொந்தக்காரர் இருந்தால் இன்னும் சுலபம். அங்கே நாடாளுமன்றக் கூட்டம் நடக்கும் நாளில் பாஸ்போர்ட்டைக் காட்டி மாடத்தில் உட்காரலாம், எம்.பி. கடிதமெல்லாம் வேண்டாம்.

செங்கோலுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் டெல்லியை விட்டால் வேறு வழியில்லை. கட்டடத்துக்காக என்றால் யோசிக்காமல் கோட்டேக்குப் போங்கள், அதுவும் மாலை வெயிலில்.