ஜூடி கார்லண்டின் ஒரே சீசன், இரண்டு புத்தகங்கள்

ஹாலிவுட் நடிகையும் பாடகியுமான ஜூடி கார்லண்ட் நடத்திய பாட்டு நிகழ்ச்சி ‘தி ஜூடி கார்லண்ட் ஷோ’. அது அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1963 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த மார்ச்சில் நின்றுபோனது. மொத்தம் 26 நிகழ்ச்சிகள். அது ஏன் தோற்றது என்று கேட்டால், இரண்டு புத்தகங்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன.

முதலாவது, பாடகர் மெல் டார்மே 1970இல் எழுதிய ‘தி அதர் சைட் ஆஃப் தி ரெயின்போ’. அந்த நிகழ்ச்சியின் பாட்டு வேலைக்கென்று அமர்த்தப்பட்டு, நடுவிலேயே வெளியேற்றப்பட்டவர் அவர். விடியும்வரை நீளும் ஜூடியின் தொலைபேசி அழைப்புகள், மாத்திரைகள், தாமதங்கள் எல்லாவற்றையும் கிட்ட இருந்து பார்த்தவர். சுவாரசியத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் பொறுமைசாலி டார்மேதான், நிதானம் இழப்பவர் ஜூடிதான். 1969 ஜூனில் ஜூடி இறந்த மறுவருடமே இது வந்தது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவர் தரப்பைச் சொல்ல அவர் இல்லையே!

கோய்ன் ஸ்டீவன் சாண்டர்ஸ் 1990இல் எழுதிய ‘ரெயின்போஸ் எண்ட்’ வேறு மாதிரி. பலரிடமும் பேசி, ஒவ்வொரு நிகழ்ச்சியாக எடுத்துச் சொல்கிறார். ஞாயிறு இரவு 9 மணிக்கு, எதிர்ச் சேனலில் ‘பொனான்ஸா’ என்ற கௌபாய் தொடர் கொடிகட்டிப் பறந்த நேரத்தில்தான் ஜூடியின் நிகழ்ச்சியை வைத்தார்கள். தயாரிப்பாளர்கள் ஷ்லாட்டர், ஜூவிசன், காலரன் என்று மாறிக்கொண்டே இருந்தார்கள். விருந்தினர்களை ஜூடி அதிகமாகத் தொட்டுப் பேசுகிறார் என்றுகூட நிறுவனத்துக்குக் குறை. ஒரு பெண்ணின் பலவீனம் மட்டுமே இந்த நிகழ்ச்சியைக் கவிழ்த்தது என்று இதைப் படித்தபின் சொல்ல முடியாது.

எழுத்து நடையில் டார்மேதான் முந்துகிறார், ஒப்புக்கொள்கிறேன். சாண்டர்ஸிடம் தகவல் கொஞ்சம் அடர்த்தி.

நான் சொல்வது இதுதான்: முதலில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியின் பதிவைப் பாருங்கள். டார்மே தானும் சேர்ந்து எழுதிய ‘தி கிறிஸ்துமஸ் சாங்’கை ஜூடியோடு பாடுகிறார். கலைமான்கள் பறக்குமா என்று வரும் வரியில் ‘ரெயின்டீர்’ (கலைமான்) என்பதை ஜூடி ‘ரெயின்போஸ்’ (வானவில்கள்) என்று மாற்றிப் பாடிவிடுகிறார். பாட்டு நிற்கவில்லை, இருவரும் சேர்ந்தே முடிக்கிறார்கள். அப்புறம் சாண்டர்ஸ். டார்மே கடைசியில், அந்த நள்ளிரவு அழைப்புகளுக்காக மட்டும்.