படகு டீசல் டேங்கில் குப்பை: பல வருடப் புழக்கத்தில் எது கைகொடுத்தது

கரையோரம் மெதுவாக ஓட்டும்போது இன்ஜினில் ஒரு குறையும் தெரியாது. வெளியே போய் நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டியதும் திணற ஆரம்பிக்கும், அப்புறம் அடங்கிவிடும். சிறிது நேரம் பொறுத்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். டீசல் படகில் இப்படி நடந்தால் இன்ஜெக்டர், பம்ப் என்று கழற்றுவதற்கு முன் டேங்கைச் சந்தேகப்படுங்கள். டேங்கின் அடிவரை இறங்கும் உறிஞ்சு குழாயின் வாயில் ஏதோ ஒன்று போய் ஒட்டுகிறது. இன்ஜின் நின்றதும் இழுப்பு போய்விடும், ஒட்டியிருந்த குப்பையும் கீழே விழுந்துவிடும். அதனால்தான் கரைக்கு வந்து மெக்கானிக் பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கிறது.

என் படகில் இருப்பது அலுமினிய டேங்க். இந்தத் தொல்லைக்காக ஒவ்வொன்றாகச் சேர்த்த சாமான்களைப் பல வருடமாகப் புழங்கிவிட்டேன். அவற்றில் எனக்கு முதலிடம் வேக்குவம் கேஜ். முதல் ஃபில்டருக்கும், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்புக்கும் நடுவில் மாட்டி, இழுப்பு எவ்வளவு என்று காட்டும் சின்ன மீட்டர்தான். ஃபில்டர் சுத்தமாக இருந்தால் முள் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். பாதரச அளவில் 5 அங்குலத்தைத் தாண்டினால் கவனிக்க ஆரம்பிப்பேன், 10-ஐ நெருங்க விடமாட்டேன். புது ஃபில்டர் போட்டும் முள் ஏறினால் அடைப்பு டேங்கிலோ, டேங்கிலிருந்து வரும் ஹோஸிலோ இருக்கிறது. முள் ஏறாமலே இன்ஜின் திணறினால் எங்கோ காற்று இழுக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னும் சந்தேகமா? ஒரு சுத்தமான கேனில் டீசல் வைத்து, தனி ஹோஸ் போட்டு, டேங்கை விலக்கி ஓட்டிப் பாருங்கள். திணறல் நின்றுவிட்டால் வேறு சாட்சி தேவையில்லை.

குழாய் வழியாகக் காற்றைத் திருப்பி ஊதினால் அடைப்பு விலகும். நடுக்கடலில் வீடு திரும்ப அது போதும், கைப்பம்பே போதும். நிரப்பும் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாக ஊத வேண்டும். ஆனால் குப்பை டேங்குக்குள்ளேயேதான் கிடக்கிறது. அடுத்த பெரிய அலையில் கிளம்பி வந்து அதே வாயில் ஒட்டும்.

டேங்கைத் திறக்காமல் தீர்வு இல்லை. மேல்தகட்டில் கை நுழையும் அளவுக்கு மூடி வைத்தது இந்த வேலையிலேயே பெரிய பலன் தந்தது. உள்ளே டேங்கை அறைகளாகப் பிரிக்கும் தடுப்புத் தகடுகள் இருக்கும். ஒவ்வோர் அறைக்கும் தனி மூடி வேண்டும், ஒன்றோடு நிறுத்தினால் பாதி கசடு பக்கத்து அறையில் பத்திரமாக இருக்கும். என் டேங்கில் கிடைத்தவை: டீசலில் கலக்கும் சேர்மான பாட்டில் வாயில் இருக்கும் வட்ட அலுமினியத் தாள், நூலாகத் திரிந்த சிலிக்கான், டேங்கில் துளை போட்டபோது விழுந்த உலோகச் சீவல், அடியில் கறுப்பு வழவழப்பு. சிலிக்கான் டீசல் படும் இடத்துக்கு ஆகாது. ஊறி, உப்பி, பிய்ந்து கடைசியில் அதுவே குப்பையாகிவிடும். மூடிக்கு நைட்ரைல் ரப்பர் கேஸ்கெட் போட்டேன், இன்றுவரை கசிவில்லை.

உறிஞ்சு குழாயின் நுனியில் வலை இருந்தால் எடுத்துவிடுங்கள் என்பேன். வடிகட்டும் வேலை கைக்கு எட்டும் இடத்தில் நடக்கட்டும். டேங்கின் அடியில் அடைத்த வலையைக் கடலில் யாராலும் சுத்தம் செய்ய முடியாது, வெளியே இருக்கும் ஃபில்டரை மாற்றிவிடலாம். முதல் ஃபில்டருக்கு 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) போட்டிருக்கிறேன், இன்ஜின் மேல் இருப்பது அதைவிட நுண்ணியது.

தனி பம்ப் வைத்து டீசலைச் சுற்றவிட்டு வடிகட்டும் ஏற்பாட்டைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கலவையானது. மிதக்கும் அழுக்கை நன்றாக எடுக்கிறது. சுவரில் பிடித்த படிவையும் மூலையில் கிடக்கும் தாளையும் அது தொடுவதே இல்லை. கையால் துடைத்த பிறகு பராமரிப்புக்கு வைத்துக்கொள்ள நல்ல சாமான், டேங்க் அழுக்காக இருக்கும்போது அதை மட்டும் நம்புவது வீண்.

அந்தக் கறுப்பு வழவழப்பு பூஞ்சையும் பாக்டீரியாவும் சேர்ந்தது. டீசலுக்கு அடியில் தண்ணீர் தங்கினால், டீசலும் தண்ணீரும் சேரும் எல்லையில் அவை வளரும். கிருமிக்கொல்லி ஊற்றினால் சாகும், ஆனால் செத்ததெல்லாம் ஃபில்டருக்குத்தான் வரும். மருந்து ஊற்றும் முன் கூடுதல் ஃபில்டர்கள் கையில் இருக்கட்டும். தண்ணீர் வரும் வழியை அடைப்பது இன்னும் முக்கியம். நிரப்பும் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழையும் கடல்நீரும் நேராக டேங்குக்குள் போகும். படகை நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே காற்று குறையும், ஈரம் வேர்ப்பதும் குறையும்.

இங்கே சொன்னதெல்லாம் டீசலுக்கு மட்டும். பெட்ரோல் டேங்கில் இவற்றை முயலவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கி நிற்கும். அது தீப்பிடிக்கச் சாதாரண பம்பின் ஒரு பொறி போதும். அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது கிளம்பும் முன் ஃபில்டர் அடிக்கிண்ணத்திலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி ஜாடியில் பிடித்துப் பார்க்கிறேன். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். திரும்பி வந்ததும் கேஜ் எவ்வளவு ஏறியது என்று எழுதி வைப்பேன். புதிதாகப் படகு வாங்கப் போகிறவர்கள் இன்ஜின் சத்தத்தைக் கேட்கும் நேரத்தில் பாதியையாவது டேங்குக்குக் கொடுங்கள். கை நுழையும் மூடி இல்லாத டேங்க் என்றால், அந்த மூடியை வைக்கும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.