மூடிய சுற்று கூலிங் டவர்: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்ததில்

மோல்டிங் மெஷின்களின் ஆயில் கூலருக்காக இந்த டவரை மாட்டி இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன் இருந்தது திறந்த டவர். மெஷினுக்குப் போகிற தண்ணீரே காற்றில் கொட்டித்தான் குளிரும், அதனால் தூசியும் பாசியும் நேராகக் கூலருக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஆயில் சூடேறி மெஷின் நின்றுவிடும், நாங்கள் கூலரைப் பிரித்து ஒவ்வொரு குழாயாகப் பிரஷ் விட்டுத் தேய்ப்போம். இந்த இரண்டு வருடத்தில் கூலரை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. எனக்கு இது ஒன்றே போதும்.

மெஷின் தண்ணீர் டவருக்குள் இருக்கும் காயிலுக்குள்ளேயே, அதாவது வளைத்து வளைத்து விட்ட குழாய்க்குள்ளேயே சுற்றுகிறது, வெளிக்காற்று அதன்மேல் படுவதே இல்லை. காயிலின் வெளிப்புறத்தில் தனி பம்ப் ஒன்று அடித்தொட்டித் தண்ணீரை எடுத்துத் தெளிக்க, மேலே ஃபேன் காற்றை இழுக்க, தெளித்ததில் கொஞ்சம் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் போய்விடும். அதே லிட்டர் ஆவியாகாமல் 10 டிகிரி சூடேறினால் எடுப்பது 42தான்.

ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எட்டாவது மாதம் ஆயில் சூடு மறுபடி ஏற, டவரின் கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு மூலையில் தண்ணீரைத் தெளிக்கும் நாசில் அடைத்து, அதன் கீழே காயில் காய்ந்து, முட்டை ஓடு மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. டவரை நிறுவியவர்கள் உப்புத் தண்ணீரை வெளியேற்றும் பிளீட் வால்வை மூடியே விட்டுப் போயிருக்கிறார்கள், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்னும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. படிவை எடுக்கிறேன் என்று கண்ட ஆசிடையும் ஊற்றிவிடாதீர்கள், கால்வனைஸ் செய்த காயிலில் துத்தநாகப் பூச்சே போய்விடும். இப்போது படிவு உண்டாக்கும் உப்பை நீக்கிய மென்னீர் விடுகிறோம், பிளீட் ஓடுகிறது, பாசிக்கும் கிருமிக்கும் மருந்து போடுகிறோம். நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா மாதிரி கிருமி இந்தத் தெளிப்புத் தண்ணீரிலும் வளரும்.

குறைகள் என்றால், விலை கூடுதல், எடையும் அதிகம், தெளிப்பு பம்புக்குத் தனியாகக் கரண்ட் செலவு. குளிர் நாட்களில் தெளிப்பை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டலாம் என்பது ஒரு ஆறுதல். அப்புறம், காற்றின் வெட் பல்ப் வெப்பநிலைக்கு (ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டுவது, காற்றில் ஈரம் கூடினால் ஏறும்) கீழே இந்த டவரால் குளிர்விக்க முடியாது, நடைமுறையில் சில டிகிரி மேலேயே நின்றுவிடும். புழுக்கமான நாளில் இது நன்றாகவே தெரிகிறது. அதைவிடக் குளிர்ச்சி வேண்டுமென்றால் ஃப்ரிட்ஜ் மாதிரி கம்ப்ரசர் வைத்துக் குளிர்விக்கும் சில்லர்தான் வழி.

வாங்குகிறவர்கள் கொட்டேஷனில் எந்த வெட் பல்ப் வெப்பநிலைக்குக் கணக்கு போட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆய்வுக் கதவு வழியாக ஒரு ஆள் உள்ளே போய் எல்லா நாசிலையும் கழற்ற முடியுமா என்பதை நேரில் நின்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.