பழைய பிக்கப்புக்கு எந்த கிராஸ்: நிப்பிள் வைத்ததா, வைக்காததா?

ரிவர்ஸில் இருந்து முதல் கியருக்கு மாற்றி கிளட்சை விடும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். மெதுவாக உருட்டும்போது எலி கத்துவது போலக் ‘கீச் கீச்’, கொஞ்சம் வேகம் கூடினால் அது காணாமல் போய்விடும். அப்புறம் ஒருநாள் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் கியர்பாக்ஸின் சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் முனையில், ஊசி பேரிங் உட்காரும் சின்னக் கிண்ணமான கப்பின் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி துரு. மூன்றும் சேர்ந்து வந்துவிட்டால் கிராஸ், அதாவது ஷாஃப்டின் முனையில் இருக்கும் கூட்டல் குறி வடிவ மூட்டு, போய்விட்டது என்று மெக்கானிக் வந்து சொல்லத் தேவையில்லை. உள்ளே கிரீஸ் காய்ந்து, ஊசி பேரிங்குகள் வெறும் இரும்போடு உரசி அரைத்த பொடிதான் அது.

அடுத்து எல்லோரும் கேட்பது கிரீஸ் அடிக்கிற சின்ன வாயான நிப்பிள் வைத்தது வாங்கலாமா, சீல் செய்தது வாங்கலாமா என்றுதான். அந்தச் சண்டைக்குள் போகும் முன் வெர்னியர் அளவுகோலை எடுங்கள். வண்டியின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி வாங்குவது புது வண்டிக்குச் சரி. இருபது முப்பது வருஷம் ஓடிய பிக்கப்பில், முன்னால் வைத்திருந்தவர்கள் எந்த வண்டியின் ஆக்ஸிலைக் கழற்றி இதில் மாட்டினார்களோ, யார் கண்டது.

ஸ்பைசர் என்ற பிராண்டின் கிராஸ் அளவு வரிசையில் அடிக்கடி கைக்கு வருவது மூன்று. 1310-க்கு கப்பின் விட்டம் 27 மி.மீ., இரண்டு கப்பையும் சேர்த்த குறுக்கு நீளம் 81.8 மி.மீ. 1330-க்கு அதே 27 மி.மீ. கப், நீளம் மட்டும் 92.1. 1350-க்கு நீளம் அதே 92.1, கப் மட்டும் 30.2. சிக்கல் எங்கே என்று தெரிகிறதா? கப்பை மட்டும் அளந்தால் 1310-ம் 1330-ம் ஒன்றாகத் தெரியும், நீளத்தை மட்டும் அளந்தால் 1330-ம் 1350-ம் ஒன்றாகத் தெரியும். நான் முதல் தடவை கப்பை மட்டும் அளந்து 1310 வாங்கி வந்தேன். கப் வழவழவென்று உள்ளே போனது, ‘ஆஹா’ என்று நினைத்தேன், போய்க்கொண்டே இருந்தது. கப்பைத் தாங்கும் கவை போன்ற யோக்கின் பள்ளத்துக்கும் கப்புக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஒரே அளவு இருக்கும் என்றும் நம்பாதீர்கள், தனித்தனியாக அளங்கள்.

அளவு போலவே முக்கியம், கப்பை எது பிடித்து நிறுத்துகிறது என்பது. யோக்கின் வெளிப்பக்கம் சர்க்கிளிப் என்ற வளைய கிளிப் உட்காரும் ரகம்தான் கழற்ற மாட்ட லேசு. உள்பக்கமாக கப்பின் பள்ளத்தில் கிளிப் மாட்டும் ரகமும் உண்டு, அதற்கு நீளத்தை கிளிப் பள்ளங்களை வைத்து அளக்க வேண்டும், அட்டவணையில் தப்பான வரியைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய வண்டிகள் பலவற்றில் கிளிப்பே இருக்காது. தொழிற்சாலையில் பிளாஸ்டிக்கை உருக்கி ஓட்டை வழியாகச் செலுத்தி கப்பைப் பூட்டியிருப்பார்கள். சுத்தியலால் அடித்து அடித்துக் கை வலித்ததுதான் மிச்சம் என்பவர்கள் பெரும்பாலும் இந்த ரகத்தோடு மல்லுக்கட்டியவர்கள். டார்ச் வைத்துச் சூடு காட்டினால் பிளாஸ்டிக் இளகி அந்தச் சின்ன ஓட்டை வழியாகப் புழு மாதிரி வெளியே வரும், அப்புறம் கப் தானாக நகரும். மாற்றாக வருவது உள் கிளிப் ரகம். சில ஜப்பானிய பிக்கப்புகளில் கப்பின் ஓரத்து இரும்பையே அடித்து மடக்கியிருப்பார்கள், அங்கே கிராஸை மட்டும் மாற்றலாம் என்று கனவு காண வேண்டாம். முழு ஷாஃப்ட், இல்லாவிட்டால் பள்ளம் வெட்டிக் கொடுக்கும் நல்ல லேத் பட்டறை.

இப்போது நிப்பிள் சண்டைக்கு வருவோம். சீல் செய்த கிராஸின் உடம்பு கெட்டி இரும்பு, நடுவில் துளை கிடையாது, அதனால் அதே அளவில் அதுதான் பலம் கூடுதல். சீலும் இறுக்கமாக இருக்கும். மாட்டிவிட்டு மறந்துவிடலாம், ஆனால் கிரீஸ் ஒருமுறை கெட்டுப்போனால் காப்பாற்ற வழியில்லை. நிப்பிள் வைத்ததில் கிரீஸ் போக நடுவே துளை போட்டிருப்பார்கள், அவ்வளவு இரும்பு குறைவு. அதற்குப் பதிலாக, தண்ணீரிலும் சேற்றிலும் இறங்கி வந்த அன்று கிரீஸ் கன்னை வைத்து நான்கு கப்பின் சீல் ஓரத்திலும் புது கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அழுத்தினால் உள்ளே போன தண்ணீர் வெளியே வந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே என் வண்டியில் நிப்பிள் ரகம்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நிப்பிள் வைத்ததை வாங்கி மாட்டிவிட்டு மூன்று வருஷம் எட்டிக்கூடப் பார்க்காதவர்கள்தான் அதிகம். அதன் சீல் பழைய கிரீஸை வெளியே விடுவதற்கென்றே செய்தது, கவனிக்காவிட்டால் அதே வழியாகத் தண்ணீரும் தூசும் உள்ளே போகும். வண்டிக்கு அடியில் படுக்கிற பழக்கம் உங்களுக்கு இல்லையா, கூச்சப்படாமல் சீல் செய்ததை வாங்குங்கள். நடுவில் ஒரு சமாதானமும் உண்டு, நிப்பிளை கிராஸின் இடுப்பில் வைக்காமல் கப்பின் முகத்தில் வைத்த ரகம். கிரீஸ் அடிக்கக் கை எட்டும். நிப்பிள் வெளியே நீட்டிக்கொண்டு இருப்பதால் கல்லில் மோதி உடையவும் செய்யும். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அளவு பெரிதாக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 1310-ஐயும் 1330-ஐயும் இணைக்கும் கலப்பு கிராஸ் கிடைக்கிறது, ஸ்பைசர் எண் 5-134எக்ஸ். 1330-க்கும் 1350-க்கும் நடுவே 5-460எக்ஸ். வேறு ஆக்ஸில் போட்டு அவசரத்துக்கு வண்டியை ஓட்ட வேண்டுமென்றால் கைகொடுக்கும். பலம் கூடும் என்று நினைத்து வாங்காதீர்கள், சின்ன பக்கம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான். பாரம் ஏற்றுகிற வண்டி என்றால் யோக்கையும் சேர்த்து மாற்றுவதே மேல்.

மாட்டும்போது நடக்கும் கூத்து தனி. கழற்றுவதற்கு முன் ஷாஃப்டிலும், அதன் மேல் முன்னும் பின்னும் நழுவும் ஸ்லிப் யோக்கிலும் பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இரண்டு முனை யோக்கும் ஒரே வாக்கில் நிற்க வேண்டும். சாய்வாக இருக்கும் கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், அதை மறுமுனை கிராஸ் சரிக்கட்டுவது இந்த ஒழுங்கால்தான். கோடு போட மறந்து ஸ்ப்ளைனில், அதாவது ஷாஃப்டும் ஸ்லிப் யோக்கும் கோத்துக்கொள்ளும் பல் வரிசையில், தள்ளி மாட்டினால் எவ்வளவு நல்ல கிராஸ் வாங்கினாலும் வண்டி நடுங்கும்.

கப்பை வைஸில் வைத்து அழுத்தும்போது கடைசி இரண்டு மி.மீ. போகமாட்டேன் என்று அடம் பிடித்தால் நிறுத்துங்கள். ஒரு ஊசி சரிந்து கப்பின் அடியில் படுத்திருக்கும். கழற்றிப் பார்த்தால் வட்டமாக நிற்கும் ஊசிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் குறுக்கே கிடக்கும். அதைக் கெட்டி கிரீஸில் தோய்த்து நிற்க வைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். மீறி அழுத்தினால் ஊசி முறியும், கப் போச்சு. சர்க்கிளிப் உட்கார்ந்த பிறகும் கிராஸ் இறுக்கமாகத் திரும்பினால் யோக்கின் காதுகளில் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுங்கள், கப் வெளிப்பக்கம் நகர்ந்து கிளிப்போடு ஒட்டிக்கொள்ளும், கை விரலாலேயே திரும்பும். நிப்பிள் ஷாஃப்ட் பக்கம் பார்த்திருக்கட்டும், இல்லாவிட்டால் கிரீஸ் கன் நுழையாது. கப்பை யோக்கோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டைப் பலம் கொண்ட மட்டும் முறுக்காதீர்கள், கப் நெளிந்து ஊசிகள் நகராமல் நின்றுவிடும்.

எல்லாம் முடித்து ஓட்டிப் பார்த்தேன். கீச் போய்விட்டது, ஆனால் ‘டக்’ பாதிதான் குறைந்தது. தப்பாக மாட்டிவிட்டோமோ என்று மறுபடி அடியில் படுத்து ஷாஃப்டைப் பிடித்து முறுக்கினால் இரண்டு கிராஸும் அசையவே இல்லை, ஸ்லிப் யோக்கின் ஸ்ப்ளைன் காய்ந்து கிடந்தது. உருவி எடுத்துத் துடைத்து கிரீஸ் தடவி மாட்டினேன். இப்போது மிச்சம் இருப்பது டிஃபரன்ஷியல் பல்லின் தேய்மானச் சத்தம்தான், அதை கிராஸ் மேல் பழி போட முடியாது.